ஒரே ராத்திரியில செத்துப்போன இறால்கள்

இறால்னு சொன்னதும் நாக்குல எச்சில் ஊறுறவங்க மன்னிக்கணும். இது சமையல் குறிப்பு இல்ல :-) நான் சொல்லப் போறது கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற குட்டி இறால். ரெட் செர்ரின்னு பேரு. முழுசா வளர்ந்தாலே ஒரு அங்குலம்தான் இருக்கும். சிவப்பா, பாசியைக் கொறிச்சுக்கிட்டே நாள் முழுக்க மேயும். பாத்துக்கிட்டே இருந்தா பரீட்சைக்குப் படிக்கிறது மறந்துபோயிடும் (அனுபவம்!).

எங்க ஊரு போடிநாயக்கனூர். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நிறுத்தின ரயில், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு, 2023 ஜூன்ல சென்னையிலிருந்தே நேரா போடிக்கு வர ஆரம்பிச்சது. ஊரே ஸ்டேஷன்ல கூடி வேடிக்கை பாத்துச்சு. அந்த ரயில்லதான் சித்தப்பா கொளத்தூர் மீன் மார்க்கெட்ல வாங்கின 20 இறாலை, ஆக்சிஜன் அடைச்ச கவர்ல போட்டு மடியிலயே வச்சுக் கொண்டு வந்தார். அம்மா பாத்துட்டு, "ஏன்டா, ஒரு வாய்க் குழம்புக்குக் கூட ஆகாதேடா இது"ன்னு சிரிச்சாங்க.

ஆறே மாசத்துல இருபது அறுபதாச்சு. பொட்டை இறால் வயித்துக்கு அடியில முட்டையைச் சுமந்துக்கிட்டே திரியும். மூணு நாலு வாரத்துல கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு குட்டிகள் வரும். அதே தொட்டியில எட்டு கப்பி மீனும், செடியோட ஒட்டிக்கிட்டு ஓசியில வந்த நத்தைகளும் உண்டு. கூட்டுக் குடும்பம்.

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து லைட்டைப் போட்டா, தொட்டித் தரை முழுக்க இறால். பாதி வெளிறிப்போய்க் கிடக்கு. மீதி மல்லாந்து கிடந்து காலை மட்டும் வெடுக் வெடுக்னு உதைக்குது. மத்தியானத்துக்குள்ள எல்லாமே போயிடுச்சு. ஒண்ணு கூட மிஞ்சல.

அழுதேன்னு சொன்னா சிரிப்பீங்க. அதனால சொல்லல.

இறால் வளர்க்கிறவங்க எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு மொத்தமும் காலி. காரணம் தெரியாது. பெரும்பாலானவங்க "ராசியில்ல"ன்னு தொட்டியைக் கவுத்துட்டு வேற வேலையைப் பாக்கப் போயிடுவாங்க. எனக்கு மனசு ஆறல. போலீஸ்காரன் மாதிரி சந்தேகப் பட்டியல் போட்டேன்.

முதல் ஆள் குளோரின். நகராட்சித் தண்ணியில இருக்கும். ஆனா நான் தண்ணியைப் பிடிச்சு டிரம்ல வச்சிருந்துதான் ஊத்துவேன். அதுவுமில்லாம அந்த வாரம் தண்ணியே மாத்தல.

ரெண்டாவது அம்மோனியா. போட்ட தீனி அழுகினா வரும். மூணாவது வெயில். தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும், மாசியிலயே எங்க ஊர்ல வெயில் பட்டையைக் கிளப்பும். ஆனா இது ரெண்டும்னா கப்பியும் மேல வந்து வாயைப் பிளந்திருக்கணும். கப்பிங்க எட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜாலியா சுத்திக்கிட்டு இருந்துச்சு.

நாலாவது செம்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிறது இரும்பு. இறாலுக்கு அந்த வேலையைச் செய்யிறது செம்பு. ஆனா தண்ணியில செம்பு கொஞ்சம் கூடினாலே இறால் செத்துடும். மீனுக்குப் போடுற சில மருந்துல செம்பு உண்டு. எங்க மலையில ஏலச்செடிக்கு மழைக்காலத்துல அழுகல் நோய் வராம இருக்க அடிக்கிற போர்டோ கலவையும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான். மயில்துத்தம்னா செம்புதானே. ஆனா செம்புன்னா நத்தையும் தப்பிக்காது. எங்க நத்தைங்க கண்ணாடியில கோடு போட்டுக்கிட்டு ஊர்ந்துச்சு.

அஞ்சாவது, தோல் உரிக்க முடியாம சாகிறது. இறால் வளர வளர மேல்தோட்டைக் கழட்டும், சில நேரம் அதுல மாட்டிக்கிட்டு செத்துப்போகும். ஆனா அது இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு நடக்கும். அறுபதும் பேசி வச்சுக்கிட்டு ஒரே ராத்திரியில தோலுரிக்குமா?

ஆக, மீன் சாகல, நத்தை சாகல, இறால் மட்டும் மொத்தமா செத்திருக்கு. தொட்டியை உத்துப் பாத்தப்போ இன்னொண்ணும் தெரிஞ்சது. கண்ணாடியோரம் புள்ளி புள்ளியா துள்ளிக்கிட்டு இருக்கிற தண்ணிப் பூச்சிகளையும் காணோம்.

இறாலும் பூச்சியும் ஒரே பெரிய குடும்பம். கணுக்காலிகள். பூச்சியைக் கொல்றதுக்குன்னு செஞ்ச மருந்துக்கு இது பூச்சி, இது இறால்னு வித்தியாசம் தெரியாது. மீனைத் தொந்தரவு பண்ணாத துளி அளவு மருந்து கூட இறாலைக் காலி பண்ணிடும். அப்போ கொலைகாரன் பூச்சிமருந்து. சரி, அது எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு?

கொசு மெஷின் மேலதான் முதல்ல சந்தேகம். அதுல இருக்கிறதும் பூச்சிமருந்துதான், சாமந்தி இனத்துப் பூவுல இருக்கிற ஒரு சரக்கைப் பாத்து ஆலையில செஞ்சது. ஆனா அது ஆறு மாசமா அதே ரூம்ல ஓடிக்கிட்டு இருக்கு. அந்த ராத்திரி மட்டும் புதுசா என்ன நடந்துச்சு?

புதுசா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா வந்திருந்தார்.

அப்பாவுக்கு மேல ஏலத்தோட்டத்துல வேலை. போடிமெட்டு தாண்டி, கேரளா பக்கம். தினமும் விடியக்காலையில ஜீப்ல ஏறிப் போய் சாயங்காலம் திரும்புற ஆட்கள் எங்க ஊர்ல நிறைய. அப்பா அங்கேயே தங்கி, சனிக்கிழமைதான் கீழ வருவார். மருந்தடிக்கிற வேலை. ஏலத்துக்கு இலைப்பேன் வந்தா காய்த்தோல் சொறி பிடிச்ச மாதிரி ஆகி விலை போகாது. தண்டைத் துளைக்கிற புழு வேற. அதனால மருந்து அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

அந்தச் சனிக்கிழமை எனக்குன்னு ஒரு கல் கொண்டு வந்தார். தோட்டத்து ஓரம் ஓடையில கிடந்தது, மேல பச்சைப் பசேல்னு பாசி. "உன் இறாலுக்குப் பாசி பிடிக்கும்னியேடா"ன்னு குடுத்தார். நானும் அப்பவே அலசித் தொட்டியில வச்சுட்டேன். காட்டு ஓடைக் கல்லு, சுத்தமாதானே இருக்கும்னு நினைச்சேன். அது எப்படி வந்துச்சுங்கிறது ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது. பாசி காஞ்சுடக் கூடாதுன்னு, பையில இருந்த அழுக்குச் சட்டையை நனைச்சு அதுல சுத்திக் கொண்டு வந்திருந்தார். மருந்தடிக்கும்போது போடுற சட்டை.

நினைப்பு மட்டும் போதாதுன்னு ஒரு சோதனை பண்ணினேன். அடுத்த வாரம் அப்பா வந்ததும் அந்தச் சட்டைக் கையை மட்டும் ஒரு குவளைத் தண்ணியில அலசினேன். சோப்பு போடல. என்னோட சட்டையை இன்னொரு குவளையில அதே மாதிரி அலசினேன். பின்பக்கத் தொட்டியில பிடிச்ச கொசுப்புழுவை ரெண்டுலயும் இருபது இருபது விட்டேன். காலையில என் குவளையில இருபதும் நெளியுது. அப்பா குவளையில ஒண்ணு கூட அசையல.

பெரிய ஆய்வுக்கூடத்துலயும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்யிறாங்க. டாஃப்னியான்னு ஒரு தண்ணிப் பூச்சி, அதுவும் இறாலுக்குச் சொந்தம்தான். பிறந்து ஒரு நாள் கூட ஆகாத குஞ்சுகளை மருந்து கலந்த தண்ணியில விட்டு, 48 மணி நேரத்துல எத்தனை அசையாம நின்னுச்சுன்னு எண்ணுவாங்க. ஒரு ரசாயனம் தண்ணிக்கு எவ்வளவு ஆபத்துன்னு உலகம் முழுக்க அளக்கிறது இப்படித்தான். நான் காசு குடுத்து வாங்கி, பேரு வச்சு, அதே சோதனையை எனக்கே தெரியாம நடத்தியிருக்கேன்.

இறால் ஏன் காலை உதைச்சுக்கிட்டே செத்துச்சுன்னும் அப்புறம் படிச்சேன். ஏலத்துக்கு அடிக்கிற மருந்துல பாஸ்பரஸ் வகை மருந்துகள் உண்டு. நரம்பு ஒரு தடவை "அசை"ன்னு சொன்னதும், அந்தச் சேதியை உடனே அழிக்க உடம்புல ஒரு நொதி இருக்கு. இந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுடும். அப்புறம் நரம்பு நிறுத்தாம "அசை, அசை"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த நொதி நம்ம உடம்புலயும் இருக்கு. அதனாலதான் மருந்தடிக்கிறவங்களுக்குத் தலைவலி, கண்ணுல தண்ணி, வேர்வை, பார்வை மங்கல் எல்லாம் வர்றது. 1936ல ஜெர்மனியில கெர்ஹார்ட் ஷ்ராடர்னு ஒரு விஞ்ஞானி புதுப் பூச்சிமருந்து தேடிக்கிட்டு இருந்தப்போ இந்த வகையில ஒண்ணைச் செஞ்சார். அது அவரையும் உதவியாளரையுமே சாய்ச்சுடுச்சு. கண்ணு மங்கி, மூச்சு வாங்கி, கொஞ்ச நாள் வேலைக்கே வர முடியல. அதுதான் அப்புறம் டபுன்ங்கிற போர் விஷவாயு ஆச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு இறால் மறந்துபோச்சு. சனிக்கிழமை ராத்திரி வந்ததும் அப்பா நெத்தியில தைலம் தடவிக்கிட்டுப் படுக்கிறது ஞாபகம் வந்துச்சு. "மலை இறங்கினா அப்படித்தான் இருக்கும், வளைவு ஜாஸ்தி"ன்னு சொல்லுவார். நாங்களும் நம்பிட்டோம், இத்தனை வருஷமா.

2023 ஜனவரியில சபரிமலை அரவணைப் பாயசத்தைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தினது ஞாபகம் இருக்கா? அதுல போட்ட ஏலக்காயில அனுமதிச்ச அளவுக்கு மேல பூச்சிமருந்து இருக்குன்னு பரிசோதனையில வந்துச்சு. ஆறு லட்சத்துக்கும் மேல டின் முடங்கிக் கிடந்துச்சு. 2024 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செஞ்சது வேற கதை. நான் சொல்ல வந்தது, அப்போ டீக்கடையில எல்லாரும் சாப்பிடுறவங்களைப் பத்தித்தான் பேசினாங்க. நானும்தான் பேசினேன். அதை அடிக்கிற ஆளு எங்க வீட்டுலயே படுத்திருக்கார்ங்கிறது எனக்குத் தோணவே இல்ல.

அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரம் முழிச்சேன். ஆசையா கொண்டு வந்து குடுத்த கல். கடைசியில அந்த ரெண்டு குவளையையும் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "சட்டையில இருந்ததுக்கேவாடா?"ன்னு கேட்டார். ஆமாப்பான்னேன். "இந்தச் சட்டையோடதான்டா உன்னைச் சின்னப் பிள்ளையில தூக்குவேன்"னு சொல்லிட்டு வெளிய போய் உக்காந்துட்டார். நான் எதிர்பார்த்த பதில் அது இல்ல. அவரைப் பத்தித்தான் நான் பயந்துக்கிட்டு இருந்தேன், அவர் என்னைப் பத்திப் பயந்துட்டார்.

இப்போ அப்பா மருந்தடிச்ச அன்னிக்கே மேலயே குளிச்சுட்டு, வேற துணி மாத்திக்கிறார். அந்தத் துணி தனி வாளி, தனித் துவையல், அம்மா கையுறை போட்டுத்தான் அலசுறாங்க. கழுத்துத் துண்டை மூக்குல கட்டிக்கிட்டு அடிச்சவர், நான் வாங்கிக் குடுத்த முகமூடியைப் போடுறார். ("எல்லாரும் சிரிக்கிறாங்கடா" - இது வாராவாரம் வர்ற புகார்.) அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தத்துல அந்த நொதி எவ்வளவு இருக்குன்னு பாக்க ஒரு பரிசோதனை உண்டு, மதுரையில எடுக்கலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். "காய் எடுப்பு முடியட்டும்"னு அப்பா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கார். ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போகுமே. அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. தினமும் அதைப் பாக்கிறேன்.

தொட்டி விஷயம்: கல்லை எடுத்துட்டேன். ஸ்பான்ஞ், பாசி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, தண்ணி முழுக்க மாத்தி, கார்பன் போட்டு ஒரு மாசம் சும்மா ஓடவிட்டேன். அப்புறம் மதுரையில பத்து இறால் வாங்கி விட்டேன். பத்தும் இருக்கு. ரெண்டு முட்டை சுமக்குது.

உங்க வீட்டுத் தொட்டியிலயும் இறால் மட்டும் மொத்தமா போய், மீனும் நத்தையும் மிஞ்சியிருந்தா, தண்ணியை மட்டும் பாக்காதீங்க. அன்னிக்கு வீட்டுக்கு யாரு வந்தாங்க, எங்கிருந்து வந்தாங்க, கையில என்ன இருந்துச்சுன்னு பாருங்க. அப்புறம் அவங்களுக்குத் தலை வலிக்குதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.