தரையில் நல்லாத்தான் ஓடுது!

கார்புரேட்டர் வைத்த பைக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. வழியில் எஞ்சின் திக்கித் திணறினால் ஓரமாகத் தள்ளி நிறுத்தி, நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். அவரும் வண்டியைத் தொடாமலே சொல்லிவிடுவார், "கார்புரேட்டர் அடைச்சிருக்கு சார்" என்று. அதே எஞ்சின் 1000 அடி உயரத்தில் திணறினால்? வானத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாதே!

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் நிறைய. 1953-ல் பால் போபரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் இவர்களுக்காகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். இன்றும் ஆண்டுதோறும் கோடையில் ஆஷ்காஷ் என்ற ஊரில் கூடுகிறார்கள். இவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு மாஸ்டா கம்பெனியின் ரோட்டரி எஞ்சின் மேல் தீராத காதல்.

இந்த ரோட்டரி முதல் உலகப்போர் விமானங்களில் இருந்த ரோட்டரி இல்லை. அதில் சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். இது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்தது. முதல் மாதிரி 1957-ல் ஓடியது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண ரோட்டர் ஒரு கூட்டுக்குள் சுற்றுகிறது, அவ்வளவுதான். மாஸ்டாவின் 13பி எஞ்சினில் ரோட்டருக்கு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. சின்னது, அதிர்வு குறைவு, உடைவதற்கு உதிரி பாகங்களும் குறைவு. பழைய காரிலிருந்து கழற்றினால் விலையும் குறைவு. பிறகென்ன!

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழு வருடம் மாலை நேரங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொட்டி ஒரு விமானம் கட்டி முடித்தார். எஞ்சின் பழைய 13பி, கார்புரேட்டரும் காரில் இருந்ததுதான். முதல் சவாரி மகளுக்கு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் சோதனைப் பறப்புகள் முடியும்வரை பயணிகளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். கார் எஞ்சின் என்றால் வழக்கமாக 40 மணி நேரம் பறந்து காட்ட வேண்டும்.

முதல் பறப்பு. விமானம் ஜம்மென்று ஏறியது. 1000 அடியில் மூக்கைத் தாழ்த்தி நேராகப் பறக்க ஆரம்பித்ததும் எஞ்சின் இருமியது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு தொடர்ச்சியாக. கை தானாகப் போய் சோக்கைப் பாதி இழுத்தது. எஞ்சின் சரியானது. உடனே ஒரு சுற்று சுற்றி இறங்கிவிட்டார். இறங்கியபின் பத்து நிமிடம் காக்பிட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. கால் ஒத்துழைத்தால்தானே!

தரையில் வாலைக் கட்டி வைத்து முழு திராட்டில் கொடுத்தார். தேன் மாதிரி ஓடியது. இங்கேதான் பலர் ஏமாறுவது. "தரையில் நல்லாத்தான் ஓடுது, சும்மா ஒரு தடவை இருமியிருக்கும்" என்று மறுநாள் மறுபடி கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பவில்லை. சோக் போட்டால் சரியானது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஏன் போதவில்லை?

முதல் குற்றவாளி வழக்கம்போல கார்புரேட்டர். ஜெட்களைக் கழற்றி ஊதினார். மிதவையின் உயரத்தை அளந்தார். எல்லாம் சுத்தம்.

அடுத்து பெட்ரோல் வரத்து. வாலைத் தாழ்த்தி, மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு கேனில் விட்டு நேரம் பார்த்தார். பம்ப் இருந்தால் முழு வேகத்தில் எஞ்சினுக்கு வேண்டிய அளவில் 125 சதவீதமாவது வர வேண்டும்; புவியீர்ப்பில் மட்டும் இறங்குவதானால் 150 சதவீதம். தாராளமாகவே வந்தது.

மூன்றாவது சூடு. ரோட்டரியின் புகை பிஸ்டன் எஞ்சினின் புகையை விடச் சூடானது. பக்கத்தில் போகும் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவிக்குமிழி அடைத்துக்கொள்ளும். தகரத் தடுப்பு வைத்தார். குழாய்க்கு உறை போட்டார். நாலாவது ஐஸ்! வெளியே இதமான வெயில் அடித்தாலும் ஈரக்காற்றாக இருந்தால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். அன்று காற்று வறண்டிருந்தது. அதுவும் இல்லை.

இரண்டாவது பறப்பு. இந்தமுறை ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து ஏறினார், நின்றால் சறுக்கி இறங்கிவிடலாம் என்று. மறுபடி இருமல், மறுபடி சோக்.

அன்றிரவு இரண்டு பறப்பின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அப்போதுதான் உறைத்தது. ஏறும்போது எஞ்சின் இருமவே இல்லை! மூக்கு மேலே, திராட்டில் முழுசாக, பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரம் அதுதான். அப்போது நன்றாக ஓடியிருக்கிறது. நேராக்கி வேகம் கூடிய பிறகுதான் இருமல். ஆக, சூடு நேரத்தோடு கூடுவது. இது வேகத்தோடு கூடுவது. வேகத்தோடு கூடுவது எது? காற்றின் அழுத்தம்.

கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெட்ரோல் தள்ளப்படுகிறது. மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை மேலிருந்து காற்று அழுத்துகிறது. குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் போவதால் அங்கே அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியே தள்ளுகிறது. கிண்ணத்துக்குக் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. காரில் அது ஏர் கிளீனருக்கு உள்ளேயே திறக்கும். கழுத்துக்கு வரும் காற்றும் கிண்ணத்தை அழுத்தும் காற்றும் ஒன்றுதான். சண்டையே இல்லை.

விமானத்தில் அந்த ஏர் கிளீனர் இல்லை. அவர்தான் கழற்றினார். அதற்குப் பதில் முன்பக்கக் காற்றை அள்ளிக்கொண்டு வரும் ஒரு அழகான ஃபைபர் குழாயைக் கையாலேயே செய்து மாட்டியிருந்தார். ஹாங்கருக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான்! கிண்ணத்தின் துளையோ வெளியே, எஞ்சின் அறைக்குள் திறந்து கிடந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். 200-ல் அது இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு, சுமார் 19 சென்டிமீட்டர். கழுத்தில் அழுத்தம் கூடக்கூட, கிண்ணத்திலிருந்து தள்ளும் வித்தியாசம் சுருங்கும். பெட்ரோல் குறையும். தரையில் கட்டிவைத்த விமானத்துக்கு எதிர்க்காற்று ஏது? நாள் முழுக்க ஓட்டினாலும் குறை தெரியாது.

ஊகத்தை அப்படியே நம்பவும் இல்லை. வளைந்த பிளாஸ்டிக் குழாயில் கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுக் குழாயிலும் மறுமுனையைக் கிண்ணத் துளைக்குப் பக்கத்திலும் இணைத்து, காக்பிட்டில் ஒட்டிவைத்துப் பறந்தார். வேகம் கூட, ஒரு பக்கத் தண்ணீர் கண்ணெதிரே ஏறியது. அப்புறம் வேலை அரைமணி நேரம்தான். கிண்ணத் துளையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய், மறுமுனை காற்றுக் குழாய்க்குள். அடுத்த பறப்பில் இருமல் போயே போச்சு.

கவனித்தீர்களா? கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டார், பம்பைச் சந்தேகப்பட்டார், வெயிலைக்கூடச் சந்தேகப்பட்டார். எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்ட தன் கைவேலைக்குத்தான் விசாரணையில் கடைசி இடம். எஞ்சினுக்கு மட்டுமான வியாதி இல்லை இது. புரோகிராமில் பிழை தேடுகிறவர்களும் கம்பைலரைத் திட்டிவிட்டுத்தான் தங்கள் வரிகளுக்கு வருகிறார்கள்.

அவர் செய்த நல்ல காரியங்கள் மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். நடந்ததை எழுதி வைத்தார். சரியாகும்வரை தன் உயிரைத் தவிர வேறு உயிரை ஏற்றவில்லை.

40 மணி நேரம் முடிந்த மறுநாள் காலை மகள் பின் சீட்டில் ஏறினாள். கிளம்பும் முன் அவர் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஃபைபர் குழாயை இல்லை. அந்த ரப்பர் குழாயை.