ஊகிமட்டிலிருந்து ஜோஷிமட் வரை: பனிப்பாதையும் சக்கரச் சங்கிலியும்

தீபாவளியை அடுத்து வரும் பாய் தூஜ் நாளில் கேதாரநாதத் திருக்கோயிலின் நடை அடைக்கப்படுகிறது. 3,583 மீட்டர் உயரத்துச் சன்னிதி பனியில் அமிழ்ந்திருக்கும் மாதங்களில், ஐம்முக உற்சவமூர்த்தி பல்லக்கில் இறங்கி வந்து ஊகிமட் ஓங்காரேசுவரர் கோயிலில் பூசை ஏற்றுக்கொள்கிறார். வாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணபிரானின் பேரன் அநிருத்தனுக்கும் திருமணம் நடந்த தலம் இது என்பர். உஷாமடம் என்ற பெயரே ஊகிமட் என மருவியதாம். கேதாரநாதத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் கர்நாடகத்து வீரசைவ மரபினர். ஆதலால் தெற்கிலிருந்து செல்லும் நமக்கு இவ்வூர் முற்றிலும் அந்நியமன்று.

இங்கே தரிசனம் முடித்தவர்களின் மனம் அடுத்து நாடுவது ஜோஷிமட். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி இதுவே என்பது வைணவ மரபு. பதரிநாதத்தின் நடை சாத்தியபின் ஆதிசங்கரரின் பீடம் இங்குள்ள நரசிம்மர் கோயிலுக்குத்தான் எழுந்தருள்கிறது. ஊகிமட்டிலிருந்து அங்கே செல்ல இரண்டு வழிகள் உண்டு. ருத்ரப்பிரயாகைக்கு இறங்கி, கர்ணப்பிரயாகை, சமோலி வழியாக ஆற்றோரமாகவே செல்வது ஒன்று. தூரம் மிகுதி, உயரம் குறைவு. மற்றொன்று துகல்பிட்டா, சோப்தா, மண்டல், கோபேசுவரம் வழியாகக் காட்டைக் கடக்கும் குறுக்குவழி. இதன் உச்சியான சோப்தா சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் இவ்வழியே செல்வோர் சக்கரச் சங்கிலியைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

மலையோட்டுநர்கள் இதனைச் 'செயின்' என்றே சொல்வார்கள். டயரைச் சுற்றி மாட்டும் இரும்பு வலை அது. பனியைக் கடித்துப் பிடிக்கும். ஏணிப்படிபோல் குறுக்குக் கண்ணிகள் மட்டும் கொண்ட வகை விலை குறைவு. நேர்ப்பாதையில் நன்கு பிடிக்கும், வளைவில் பக்கவாட்டில் வழுக்கும். சாய்சதுர வடிவில் பின்னிய வகையில் ஏதாவதொரு கண்ணி எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த இப்பாதைக்கு இரண்டாவதே ஏற்றது. துணியாலான டயர் உறைகளும் கிடைக்கின்றன. மாட்ட எளியவை, ஆனால் பனியற்ற தாரில் விரைவில் கிழிந்துபோகும்.

அளவு மிகமுக்கியம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பதுபோல் பொறித்திருக்கும் மூன்று எண்களும் சங்கிலியின் பெட்டியில் குறித்த அளவோடு பொருந்தவேண்டும். தொளதொளத்த சங்கிலி அறுந்து அடித்தால் பிரேக் குழாயே சேதமாகும். சக்கரத்துக்கும் மேல்வளைவுக்கும் இடைவெளி குறைந்த சில கார்களில் சங்கிலியே கூடாது என்று தயாரிப்பாளர் கையேடு விலக்கியிருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹரித்துவாரிலோ ரிஷிகேசத்திலோ வண்டி பேசும்போதே, "செயின் இருக்கிறதா?" என்று கேட்பதோடு நில்லாமல், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உலர்ந்த தரையில் ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்வதும் தவறன்று. சமவெளி ஓட்டுநர் பலருக்கு அதில் பழக்கமிராது.

இழுக்கும் சக்கரங்களுக்கே சங்கிலி: பொலேரோ போன்றவற்றில் பின்சக்கரங்கள், சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள். ஏறுவதற்கு இது போதும். இறங்கும்போதுதான் சோதனை. முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலியிருந்து, சரிவில் பிரேக்கை அழுத்தினால், வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழலக்கூடும். பின்சக்கரத்தில் மட்டுமிருந்தால், திருப்பிய பக்கம் முன்புறம் திரும்பாமல் நேரே போகக்கூடும். நான்கு சக்கரங்களுக்கும் மாட்டுவதே இறக்கத்திற்குப் பாதுகாப்பு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெருமை பேசுவோர் உண்டு. அவ்வமைப்பு ஏற உதவும், நிறுத்த உதவாது.

துகல்பிட்டாவைத் தாண்டியதும் நிழல் விழும் வளைவுகளில் ஈரம்போல் பளபளப்பது நீரன்று, உறைந்த பனித்தகடு. சரிவில் சிக்கியபின் சங்கிலியைத் தேடுவது பேராபத்து. அதற்கு முன்பே, சமதரையான ஓரிடத்தில், கைப்பிரேக் இட்டு, கையுறை அணிந்து மாட்டவேண்டும். கொக்கிகளின் முனை டயரை நோக்காமல் வெளிப்புறம் நோக்கியிருக்கட்டும். நூறு மீட்டர் சென்று நிறுத்தி மீண்டும் இறுக்கவேண்டும். கண்ணிகள் அப்போதுதான் தம் இடத்தில் அமர்ந்திருக்கும். பிறகு மணிக்கு 20, 30 கிலோமீட்டருக்கு மிகாமல், தாழ்ந்த கியரில், பிரேக்கை நம்பாமல் செல்லவேண்டும்.

சோப்தாவுக்கு மேலே துங்கநாதரும் இக்காலத்தில் மக்குமட்டுக்கு இறங்கிவிடுகிறார். புதுப்பனி விழுந்துகொண்டிருந்தாலும், காவலர் தடுத்தாலும், பிற்பகல் சாய்ந்துவிட்டாலும் ஆற்றோர வழியே செல்வதுதான் அறிவுடைமை. இறைவனே பனிக்கு இடம்கொடுத்து இறங்கி வரும் ஊரில், நாம் பாதி நாள் சுற்றிப் போவதில் குறைவென்ன?

சோப்தாவைக் கடந்தபின் மண்டல் வரையிலும் அடர்ந்த காட்டினூடே இறக்கம். வெயில் எட்டாத வளைவுகளில் பனி நெடுநாள் கரையாது. அத்திரி முனிவரின் பத்தினி அனசூயாதேவியின் கோயிலுக்கு நடைபாதை தொடங்குவது மண்டலில்தான். பனி முடிந்து தார் தெரியத் தொடங்கிய இடத்திலேயே சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். வெறுந்தாரில் ஓட்டினால் சங்கிலியும் டயரும் இரண்டுமே தேயும்.

அங்கிருந்து கோபேசுவரம், சமோலி கடந்து ஜோஷிமட். நரசிம்மரின் இடக்கை மணிக்கட்டு ஆண்டுதோறும் மெலிந்துவருகிறது என்றும், அது இற்றுவிழும் நாளில் நர நாராயண மலைகள் இணைந்து பதரிக்கு வழி மூடிவிடும் என்றும், அதன்பின் தபோவனத்தின் அருகிலுள்ள பவிஷ்ய பதரியிலேயே பெருமாள் காட்சி தருவார் என்றும் இங்கே நம்பிக்கை. அர்த்தமண்டபத்தில் நின்று சேவிக்கும்போது கண்கள் தாமாகவே அந்தக் கையைத் தேடும்.

தங்குமிடம் சேர்ந்ததும் சங்கிலியை வெந்நீரில் அலசி, துடைத்து, உலரவைத்துப் பையில் இடச்சொல்லுங்கள். ஈரத்தோடு கட்டிவைத்தால் துருப்பிடிக்கும். ஊர் திரும்பும் பாதையிலும் பனி இருக்கலாம்.