காது திறந்தே இருக்கட்டும்

காலை நடைக்கு இயர்பட்ஸா, எலும்பு வழியாகக் கேட்க வைக்கும் ஹெட்போனா? ஒரு மாதமாக இதே யோசனை.

எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது, சாலையோரமாகத்தான் நடக்க வேண்டும். போன வாரம் இயர்பட்ஸில் ராஜா பாட்டு. பின்னால் வந்த தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்கவே இல்லை. பால் வாங்க வந்த அக்கா கையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கே தம்பியின் எலும்பு வழி ஹெட்போனை இரவல் வாங்கினேன்.

அது காதுக்குள் போவதில்லை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்துகொள்கிறது. அதிர்வு செவிப்பறையை நம்பாமல் எலும்பு வழியே உட்செவிக்குப் போகிறது. (பதிவு செய்த நம் குரல் யாரோ பேசுவதுபோல ஒலிப்பதும் இதனால்தான்: பேசும்போது எலும்பு வழியாகவும் கேட்கிறோம், பதிவில் அது இல்லை.) பாட்டோடு காக்கையும் சைக்கிள் மணியும் கேட்டன.

ஆனால் பேஸ் கிட்டார் மெலிந்துவிடுகிறது. ராஜா பாட்டில் அது பெரிய இழப்பு. பேருந்து இரைச்சலில் எதுவும் தெளிவில்லை. அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் உட்செவிக்குத்தான் கேடு.

அம்மாவுக்கு வலது செவிப்பறையில் ஓட்டை. காதில் எதையும் நுழைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தப் பக்கமும் நல்லாக் கேக்குதுடா" என்றாள்.

இரண்டு வாங்கப் போகிறேன். இயர்பட்ஸ் ரயில் பயணத்துக்கு இருக்கட்டும்.