தாத்தாவின் பித்தளைக் கூடு

என் தாத்தா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போன சொல்தா. முதல் உலகப் போர் முடிந்து திரும்பும்போது, 75 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டின் காலிப் பித்தளைக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் '75 டெ சே' என்று பொறித்திருக்கும். 'சே' என்றால் 'கம்பாஞ்', அதாவது போர்க்களப் பீரங்கி. பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அதைத்தான். பாட்டி அதில் பூ வைப்பார்.

ஓய்வுக்குப் பின் மகனோடு திருப்பூர் வந்தபோது கூடும் வந்தது. போன ஆயுத பூஜைக்கு மருமகள் புளி, பீதாம்பரி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல் ஆக்கிவிட்டாள். நூறு வருடக் கறுப்பு அரை மணியில் போயிற்று. நல்லெண்ணத்தில் செய்தவளை என்ன சொல்வது?

மூடிய வாளிக்குள் அம்மோனியா ஆவியில் வைத்தால் பித்தளை பழைய நிறம் பெறும் என்று கேள்விப்பட்டு, எல்லாம் வாங்கிவிட்டேன். உலோகப் பாடம் படித்த பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்தார்.

"ஐயா, அத மட்டும் பண்ணிப்போடாதீங்க! வெடிச்சுப்போகும்."

அவர் சொன்ன கதை இது. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டனவாம். இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும்; குதிரை மூத்திரத்து அம்மோனியா பட்டதும் பிளந்துவிடும். 1921-இல்தான் காரணம் தெளிவானது.

வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இப்போது கூடு ஜன்னலோரம் இருக்கிறது. இந்த ஐப்பசி மழையில் விளிம்பில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது. முழுதும் கறுப்பதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். பேரனிடம், "தேய்க்காதே" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.