குதிரையிலிருந்து இறங்கியவன்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், வெளியே போக வழியில்லாமல், பிரெஞ்சு ஹுஸ்ஸார் ஒருவனைச் செய்ய ஆரம்பித்தேன். ஹுஸ்ஸார் என்றால் நெப்போலியன் காலத்து இலகுரகக் குதிரைப்படைக்காரன். மார்பில் குறுக்காக வரிசை வரிசையாய்ப் பின்னல் நாடா, இடது தோளில் சும்மா தொங்கும் ரோமம் வைத்த இன்னொரு சட்டை, வாள் வாரிலிருந்து தொங்கி ஆடும் தட்டையான தோல் பை. பார்த்தாலே கை பரபரக்கும்.

மணமேல்குடியில் கிடைத்ததை வைத்துத்தான் வேலை. எலும்புக்கூட்டுக்குப் பழைய வயரை உரித்தெடுத்த செம்புக் கம்பி, சதைக்கு ஹார்டுவேர் கடை எம்-சீல், கையில் ஒட்டாமலிருக்க முகப் பவுடர், செதுக்க ஊசியும் குடைக்கம்பியும். அளவு பதினாறில் ஒரு பங்கு. 170 செ.மீ. ஆள் 10.6 செ.மீ. ஆகிவிடுவான். பதினைந்து கை உயரக் குதிரை, ஒரு கைக்கு 4 அங்குலம், தோள்வரை ஒன்பதரை செ.மீ. வரும். எம்-சீலைப் பிசைந்தால் கொஞ்ச நேரம்தான், அதற்குள் மூக்கு மூக்காக வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பொத்தான் எண்ணுகிறவர்கள் என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. நானும் எண்ணினேன். ஒரு பொத்தான் கூடிவிட்டது என்று பாதி மார்பை அறுத்தெடுத்துத் திரும்பச் செய்த ராத்திரிகள் உண்டு.

அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"யாருடா இவன்?"

"நெப்போலியன் காலத்துக் குதிரைவீரன்ப்பா."

"குதிரைன்னா ஆவுடையார்கோயிலுக்குப் போ, குளமங்கலம் அய்யனார் கோயிலுக்குப் போ. பிரான்ஸுக்கு ஏன்டா போற?"

நியாயமான கேள்வி. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர், அந்தப் பணத்தில் கோயில் கட்டிய கதை நடப்பது பக்கத்திலிருக்கும் ஆவுடையார்கோயிலில்தான். நரி பரியான கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் மாவட்டம் இது. ஆனால் அந்தக் குதிரைகளை யாரும் அளவெடுத்துச் செய்வதில்லை. எனக்கு அளவு வேண்டியிருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "பெல்ட் தப்பு. இவ்வளவு நேரா நிக்காது. வாள் தொங்குற பக்கம் எறங்கும். அந்தப் பக்க இடுப்பும் சேர்ந்து கொஞ்சம் எறங்கும்." முப்பது வருடம் இடுப்பில் வார் கட்டியவர். நான் பார்த்த ஒரு படமும் இதைச் சொல்லவில்லை.

அந்த ஹுஸ்ஸாரின் ஆண்டு 1806. ஆஸ்டர்லிட்ஸ் முடிந்து யேனா வருவதற்கு முந்தைய இடைவெளி. அதே வருடம் இங்கே என்ன நடந்தது என்று தேடியபோதுதான் வேலூர் வந்து நின்றது. 1806 ஜூலை 10. பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தது. இந்த முறை பொத்தான் எண்ணுகிறவனின் கண்ணோடு படித்தேன், தூக்கி வாரிப்போட்டது. அந்தக் கலகமே உடுப்பைப் பற்றியதாக இருந்தது. 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புது விதிகள் வந்தன: நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, மீசை ஒழுங்காகக் கத்தரித்திருக்க வேண்டும், ஐரோப்பியத் தொப்பி போலிருக்கும் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. மறுத்துப் பேசியவர்களுக்குச் சவுக்கடி. நான் ஊசிமுனையால் செதுக்குகிற அதே சங்கதிகள். அவற்றுக்காக மனிதர்கள் கொன்றார்கள், செத்தார்கள்.

நள்ளிரவுக்குப் பின் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது. தூக்கத்திலிருந்தவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் இறந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போனது. சுமார் 25 கி.மீ. அங்கிருந்து கில்லெஸ்பி 19ஆம் இலகுரகக் குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். பீரங்கியால் கதவு உடைந்தது, குதிரைகள் உள்ளே புகுந்தன. பிடிபட்ட சிப்பாய்களில் சுமார் நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பிறகு அந்த உடுப்பு விதிகளை அரசே திரும்பப் பெற்றது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு வரி. ஆற்காட்டிலிருந்து வந்தவர்களில் மதராஸ் சுதேசிக் குதிரைப்படைக்காரர்களும் இருந்தார்கள். நம் ஆட்கள். தலைப்பாகைக்காக எழுந்தவர்களை வெட்டப் போனவர்களும் தலைப்பாகை கட்டியவர்கள்தான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு பந்தோபஸ்தைப் பற்றிச் சொன்னார். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. கூட்டத்தைக் கலைக்கச் சொல்லி உத்தரவு. தடியை ஓங்கிய பிறகுதான் எதிரே நிற்பவர் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று தெரிந்ததாம்.

"அடிச்சீங்களாப்பா?"

"ஓங்குன கை எறங்கித்தானே ஆகணும்." கொஞ்சம் கழித்து, "ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது தம்பி. எல்லாம் முடிஞ்சு, தொப்பியக் கழட்டி ஒக்காருறோம் பாரு, அப்பத்தான் தெரியும்."

அதுவரை பாயும் குதிரைமேல் வாளை ஓங்கி நிற்கிறவனாகத்தான் என் வீரனை நினைத்திருந்தேன். அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள். மறுநாள் ஹுஸ்ஸாரைக் குதிரையிலிருந்து பிரித்தெடுத்தேன். பின்னல் நாடா, ரோமச் சட்டை, எண்ணி வைத்த பொத்தான் எல்லாம் போயின. குதிரையின் கால்களைச் சூடுகாட்டி வளைத்துத் தரையில் நிற்க வைத்தேன், தலை தாழ்ந்து, மூச்சு வாங்குகிற மாதிரி. பக்கத்தில் அவன். மழித்த முகம், வெறும் தலை, சட்டை திறந்திருக்கிறது, தலைப்பாகை கையில். இடுப்பில் 1796 மாதிரி வளைந்த வாள். நிஜத்தில் 33 அங்குல அலகு, என் கணக்கில் 5.2 செ.மீ. அந்தப் பக்க இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

முகத்துக்கு யாரையும் தேடவில்லை. அப்பாவின் பழைய அடையாள அட்டை பீரோவில் இருந்தது. அதிலும் மழித்த முகம், விதிப்படி கத்தரித்த மீசை.

முடிந்ததும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். முகத்தை அடையாளம் தெரிந்ததா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூட்ஸ் ரொம்பப் புதுசா இருக்கு. குதிகால் தேஞ்சிருக்கணும்."

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். போதும் என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நின்றார்.