நாய்க்கு எதற்கு வைத்தியர்?

"நாய்க்கு எதற்கு வைத்தியர்?" என்னும் கேள்வியை நம்மவர் வாயிலிருந்து அடிக்கடி கேட்கலாம். கேட்பவர் கொடியவர் அல்லர். தாம் உண்ணும் சோற்றில் ஒரு பிடியை நாய்க்கென எடுத்து வைப்பவரே இவ்வாறு கேட்கிறார். ஆதலின் இக்கேள்வியை இகழ்ந்து தள்ளாமல் ஆராய்ந்து பார்ப்பதே அறிவுடைமையாகும்.

சிலிபினில் என் வீட்டுக்கு அண்மையில் ஒரு பெரியவர் வசிக்கிறார். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். தோட்டம் கைமாறிய பின் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய நாய்க்குச் சொறி கண்டது. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, இரவெல்லாம் அது உறங்காமல் சொறிந்துகொண்டு கிடந்தது. பெரியவரோ மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை ஒரு பட்டறையில் வாங்கி வந்து அதன் உடலெங்கும் பூசினார். மிருக வைத்தியரிடம் காட்டலாமே என்றேன்.

"தம்பி, எங்கள் லயத்தில் மனிதனுக்கே டிரஸரை விட்டால் வேறு கதி இல்லை. எந்த நோய்க்கும் ஒரே கலக்கு மருந்துதான். அப்படி வளர்ந்தவன் நாயைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போவதா?" என்றார்.

அச்சொல்லில் இருந்த வேதனை மெய்யானது. ஆனால் அவ்வேதனையிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். எனக்குக் கிடைக்காதது இதற்கு எதற்கு என்பது ஒன்று. எனக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாகாது என்பது மற்றொன்று. புறக்கணிப்பின் கசப்பை அறிந்த நம் மக்களுக்கு எது தகும் என்று வாசகர்களே சொல்லட்டும்.

சொறி நோய்க்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள். அவற்றுள் ஒருவகை நாயைத் தொட்டு விளையாடும் குழந்தைகளுக்கும் அரிப்பை உண்டாக்கும். கறுப்பெண்ணெய் நோயைத் தீர்ப்பதில்லை. அது தோல் வழியாகவும், நாய் தன் உடலை நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சலுக்கென்று நாம் விழுங்கும் பனடால் மாத்திரையும் இத்தகையதே. அது நாயின் ஈரலைக் கெடுக்கவல்லது. பூனைக்கோ ஒரு மாத்திரையே எமனாகும்.

ஒருவாறு இசைந்து பெரியவர் என்னோடு வந்தார். வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நாய் எங்கே படுக்கிறது, என்ன தின்கிறது, எத்தனை நாளாக இப்படி என்றெல்லாம் பொறுமையாக வினவினார். வெளியே வந்த பெரியவர், "இத்தனை கேள்வி என்னிடம் எந்த டிரஸரும் கேட்டதில்லை" என்றார். சில வாரங்களில் நாய்க்கு மயிர் முளைத்தது.

இனி வெறிநாய்க்கடியைப் பற்றிப் பேசுவோம். நோயின் குறிகள் தோன்றிய பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. ஆயினும் இதைப்போல் எளிதில் தடுக்கக்கூடிய கொடுநோயும் வேறில்லை. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டில் கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். தமிழகத்திலேயே, குன்னூரில், 1907ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. அதற்குப் பின்னரும் நம்மவர் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டே உயிரை விட்டனர் என்றால், குற்றம் விதியின் மேலதா, அறியாமையின் மேலதா?

மலேசியா இந்நோயற்ற நாடென்று 2012ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலேயே பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டிற்று. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் புகுந்து மனித உயிர்களையும் குடித்தது. பேராக்கில் இருக்கும் நாம் கெடாவுக்கு அடுத்த வீட்டுக்காரர் என்பதை மறக்கலாகாது. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவாமல் தடைப்படும் என்பது உலக வைத்திய அறிஞர்களின் துணிபு. எனவே நாய்க்குப் போடும் ஊசி நம் பிள்ளைகளுக்கும் காவலாகும். நாய் கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்பிக்கொண்டு காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

குட்டிகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சலுக்கும் தடுப்பூசி உண்டு. பிறந்து 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16ஆம் வாரம் வரை சில வார இடைவெளிகளில் அதைப் போடவேண்டும். ஈப்போவிலேயே 1948ஆம் ஆண்டு முதல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. இவ்வூரில் அறிவுக்குப் பஞ்சமில்லை; அதை நாடிச் செல்லும் மனமே வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் கருணை எத்தனை நாள் நிற்கும்?

வைத்தியச் செலவு ஏழைக்குச் சுமைதான்; மறுக்கவில்லை. ஆனால் வருமுன் காக்கும் ஊசிக்கு ஆகும் செலவு, வந்தபின் படும் பாட்டைவிடக் குறைவு. நிழலில் ஓரிடம், நாள்தோறும் மாற்றிய நல்ல நீர், சற்றே நீளமான சங்கிலி, சில மணி நேரம் அவிழ்த்துவிடும் இரக்கம் ஆகியவற்றுக்குக் காசு எவ்வளவு வேண்டும்? இவ்வளவும் செய்ய இயலாதவர் நாய் வளர்க்காதிருப்பதே நலம். வளர்ப்பவர் தம் வாசலில் கிடக்கும் நாயின் காதையும் தோலையும் இன்று மாலை ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.