கப்பலில் எடுத்த ஓவியமும் போடி ஏலக்காயும்

தேனியில் என் அக்கா வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே ஒரு படம் தொங்குகிறது. ஏதோ ஐரோப்பியக் கடற்கரை ஊர். படிக்கட்டுத் தெரு, மஞ்சள் விளக்கு, குடை பிடித்துப் போகிற ஒரு பெண். வலது ஓரத்தில் பென்சில் கையெழுத்து. இடது ஓரத்தில் 187/450 என்று ஒரு எண். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். அத்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "கப்பல்ல, ஏலத்துல எடுத்தது" என்பார். விலையை மட்டும் சொல்ல மாட்டார்.

விலை அக்காவுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

சிங்கப்பூரிலிருந்து குடும்பமாக நான்கு நாள் கப்பல் பயணம் போயிருந்தோம். இரண்டாம் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, "ஓவிய ஏலம், அனுமதி இலவசம்" என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு கிளாஸ் ஷாம்பெயின் கொடுத்தார்கள். அத்தான் ஆரஞ்சு ஜூஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால் போதையில் வாங்கினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோட் போட்ட இளைஞர் ஒருவர் ஓவியரின் கதையை உருக்கமாகச் சொன்னார். "கடையில் 2,400 டாலர். இன்று இங்கே 600-லிருந்து தொடங்குகிறேன்" என்றார். அத்தான் அட்டையைத் தூக்கினார். 700, 800, 900. சுத்தியல் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏலத் தொகைக்கு மேலே வாங்குபவர் கட்டணம், ஃபிரேம், வீட்டுக்கு அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து பில் 1,300 டாலர் ஆனது. நம்ம காசுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்.

"செலவுன்னு நினைக்காத மாப்ள. பாப்பா காலேஜ் போறப்ப இது டபுள் ஆயிரும்" என்றார்.

பாப்பா இந்த வருடம் காலேஜ் போகிறாள். போன மாதம் அத்தானிடமிருந்து போன். படத்தை விற்றுத் தர முடியுமா என்று சென்னையில் விசாரிக்கச் சொன்னார். இரண்டு ஆர்ட் கேலரிகளில் போட்டோவைக் காட்டினேன். ஒருவர் மரியாதையாக மறுத்துவிட்டார். இன்னொருவர், "இதை வாங்க ஆள் பிடிக்கிறது கஷ்டம் சார். ஃபிரேம் நல்லா இருக்கு" என்றார். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போய்விடலாம் என்று கிளம்பினேன்.

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். பிறகு 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் அகலப் பாதையில் ரயில் திரும்பி வந்தது. ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். மேற்கே தொடர்ச்சி மலை. தெற்கே போகப் போக இன்னொரு பக்கம் மேகமலையும் வருசநாட்டு மலையும் சேர்ந்துகொள்ள, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததிலிருந்து நெல்லும் வாழையும் தென்னையுமாக ஊர் பச்சையாகிவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. தேனி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். இறங்கியதும் அத்தான், "வீட்டுக்கு வேண்டாம், அக்கா இருக்கா. வா, போடிக்குப் போவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

போடியில் எங்கள் சித்தப்பா இருக்கிறார். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர். கேரளத்து மலையில் இடுக்கிப் பக்கம் விளைகிற ஏலக்காயில் பெரும்பகுதி காசாவது இரண்டே இடங்களில்தான்: மலைக்கு மேலே வண்டன்மேடு பக்கத்துப் புத்தடி, மலைக்குக் கீழே போடி. போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், பொழுது சாய இறங்குகிறவர்கள் ஏராளம். போடிக்குள் நுழைந்தாலே கிடங்குகளிலிருந்து வாசனை தெருவுக்கு வரும். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

தமிழில் ஒரு வேடிக்கை. காய்க்கும் ஏலம் என்றுதான் பெயர், கூவி விற்பதற்கும் ஏலம் என்றுதான் பெயர். முதல் ஏலம் நம்முடையது. இரண்டாவது ஏலம் போர்ச்சுக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் 'நீலாம்' ஆனதும் அதுதான். ஆக, கப்பலோடு வந்த சொல். அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சித்தப்பா தன் பழைய பழக்கத்தில் ஏல மையத்துக்குள் கூட்டிப்போனார். ஸ்பைசஸ் போர்டு 2007-இல் இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. உரிமம் வாங்கிய வியாபாரிகள் மட்டும்தான் கேட்க முடியும். நாம் வேடிக்கை பார்க்கலாம், அதுவும் அனுமதி கேட்டு, வாயைத் திறக்காமல். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்ப்யூட்டர். விவசாயிகள் கொண்டுவந்து போட்ட காய், லாட் லாட்டாக எண் போட்டு வருகிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் மாதிரிக் காய் கைக்குக் கை போகிறது. ஒருவர் உள்ளங்கையில் உருட்டுகிறார். ஒருவர் நகத்தால் பிளந்து உள்ளே அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னொருவர் வாயில் போட்டு மெல்லுகிறார். பார்த்து முடித்த காய் தரையில் விழுகிறது. செருப்புக்கடியில் நொறுங்குகிற அந்தக் காய்களைப் பார்த்தால், டீக்கு ஒரு காயை எண்ணிப் போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு வயிறு எரியும். திரையில் விலை ஏறுகிறது, நிற்கிறது, அடுத்த லாட். கைதட்டல் கிடையாது. ஓவியரின் கதை மாதிரி காயின் கதையும் கிடையாது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சித்தப்பா படத்தின் சான்றிதழை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு உங்களோட போட்டிக்குக் கேட்டது யாரு?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். பின்னால் யாரோ கேட்டார்கள் என்றுதான் நினைவு. யார் என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, கேட்டவங்கள்ல ஒருத்தராவது படம் வித்துப் பொழைக்கிறவங்களா?"

"இல்ல மாமா, எல்லாம் டூர் வந்தவங்கதான்."

"இந்த 2,400 டாலர்னு மதிப்பு எழுதினது?"

"அவங்கதான்."

சித்தப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தார்.

அந்த மூன்று கேள்விகளில் விஷயம் முழுக்க இருக்கிறது. போடியில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் மறுநாள் அந்தக் காயை டெல்லிக்கோ மும்பைக்கோ என்ன விலைக்குத் தள்ளலாம் என்று தெரியும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க மாட்டார். எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று ஸ்பைசஸ் போர்டு இணையதளத்தில் வந்துவிடும். நீங்களும் நானும் செல்போனில் பார்க்கலாம். கப்பலில் விற்பவருக்கு மட்டும்தான் விலை தெரியும். கேட்கிற நமக்குத் தெரியாது, தேடிப் பார்க்கலாம் என்றால் நடுக்கடலில் வைஃபைக்குத் தனிக் காசு. இத்தனைக்கும் ஒரு குறிப்பிட்ட விலை வரை விற்பவர் சார்பில் ஏலம் விடுபவரே கேட்டு ஏற்றுவது, முன்பே அறிவித்திருந்தால், பல நாடுகளில் சட்டப்படி சரி. அந்த அறிவிப்பு பொடி எழுத்தில் எங்காவது இருக்கும்.

படம் என்று சொல்கிறோமே, அதுவும் பெரும்பாலும் கையால் தீட்டியது அல்ல. லித்தோகிராஃப், 'ஜிக்லே' என்றெல்லாம் சொல்வார்கள். ஜிக்லே என்றால் நல்ல தாளிலோ கேன்வாஸிலோ எடுத்த உயர்தர இங்க்ஜெட் பிரின்ட். 187/450 என்றால் 450 பிரதிகளில் 187-வது என்று அர்த்தம். மீதி 449-ம் எங்கோ சுவரில் தொங்குகின்றன, அல்லது விற்கக் காத்திருக்கின்றன. கப்பல் ஏலத்தில் ஏமாந்ததாகப் பயணிகள் சொன்ன புகார்களையும் போட்ட வழக்குகளையும் பற்றி 2008-லேயே நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. சால்வதோர் டாலி பெயரில் விற்ற பிரின்ட்கள் அசலா என்ற சண்டையும் அதில் உண்டு. கப்பல் சர்வதேசக் கடலில் இருக்கும்போது நடக்கிற வியாபாரம் என்பதால் எந்த ஊர் நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும் என்பதே தலைவலி. இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், வரம்புக்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்க வரியும் காத்திருக்கும்.

போடி ஏலம் சொக்கத்தங்கம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே விற்ற காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து, வரத்து அதிகம் போலக் காட்டி விலையை இறக்குகிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாள் வருத்தம். 'ரீ-பூலிங்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஏலக்காயும் ஏமாற்றும். முந்தைய வருட வெள்ளத்தாலும் பிறகு வந்த வறட்சியாலும் வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பித் தோட்டத்தில் காசைக் கொட்டியவர்கள், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்தையொட்டி விலை கிடந்ததைப் பார்த்தார்கள். ஆனாலும் ஆயிரத்துக்கு வாங்க ஒரு ஆள் இருந்தார். அத்தானின் படத்துக்கு அந்த ஒரு ஆள் இல்லை.

அப்படியானால் கப்பலில் ஓவியமே வாங்கக் கூடாதா? கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். சந்தையில் அது பத்து ரூபாய் என்று அவர்களுக்கும் தெரியும்; தெரிந்தே எடுக்கிறார்கள். படமும் அப்படித்தான். சுவரில் மாட்டிப் பார்க்க ஆசை, இந்தக் காசு திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றால் வாங்குங்கள். ஏலத்துக்கு முன்பே படங்களைப் பார்வைக்கு வைப்பார்கள். ஓவியரின் பெயரைக் குறித்துக்கொண்டு, கப்பல் கரை தொடுகிற ஊரில் போனை எடுத்து, அவர் படங்கள் மற்ற இடங்களில் என்ன விலைக்கு விற்று முடிந்தன என்று பாருங்கள். கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலேஜ் ஃபீஸுக்கு என்று மட்டும் வாங்காதீர்கள்.

இதே புத்தி மலைப் பக்கம் சுற்றுலா வரும்போதும் வேண்டும். குமுளியில் காரை நிறுத்தினால் போதும், தோட்டம் சுற்றிக் காட்டிவிட்டுக் கடையில் கொண்டு போய் உட்கார வைப்பார்கள். அங்கேயும் ஒரு கதை, ஒரு கிளாஸ் டீ. கூட்டிவந்தவருக்குக் கமிஷன் இருந்தால், அது உங்கள் பில்லில்தான் இருக்கும். அன்றைய ஏலச் சராசரியைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுக்கிப் பிரித்த காய்க்குச் சில்லறை விலை கூடத்தான் இருக்கும். இரண்டு மடங்கு என்றால் எழுந்துவிடுங்கள். கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் என்றால் ஒட்டும். எட்டு மில்லிமீட்டர் பெரிய காய் பார்க்க அழகு, விலையும் அதிகம். வீட்டு டீக்கும் பாயசத்துக்கும் அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிற சின்னக் காய் தாராளமாகப் போதும். இது சித்தப்பா சொன்னது, நான் வாங்கியதும் அதுதான்.

சாயங்காலம் தேனிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அத்தான் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தப் படம் ஒரு லட்சத்துக்கு மேல ஆச்சு. விக்க முடியாதாம்" என்று அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அக்கா படத்தைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள், அதுதான் சூடாக இருந்தது.

"நீயும் கூடத்தான உக்காந்திருந்த?"

பாப்பா ஃபீஸுக்கு அக்காவின் இரண்டு வளையல் பேங்குக்குப் போகிறது. படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. இனி யாராவது "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டால் அத்தானே விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது ஆள் அடுத்த மாதம் கப்பலில் போகிறாராம். உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டார்.